எல்லா மாணவர்களும் பங்கேற்கும் உடற்கல்வி வகுப்பு சாத்தியமா?

கேள்வி: ஒரே வகுப்பில் நன்றாக ஓடுபவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வை குறைந்தவர், உடல் பருமன் உள்ளவர், விளையாட்டு என்றாலே ஒதுங்குபவர் என எல்லோரும் இருக்கிறார்கள். யாரையும் ஓரமாக உட்கார வைக்காமல் உடற்கல்வி வகுப்பை நடத்த முடியுமா?

பதில்:

முடியும். இருபது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். முதல் ஏழெட்டு வருடங்கள் முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பிளாஸ்டிக் பை.

ஏழாம் வகுப்பில் பார்வை மிகவும் குறைந்த ஒரு மாணவன் இருந்தான். விளையாட்டு பீரியட் வந்தால் மற்றவர்களின் கைக்கடிகாரம், கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நான்தான் அந்த வேலையைக் கொடுத்தேன். அவனை ஒதுக்கவில்லை, ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறேன் என்று மனதார நம்பினேன். ஒரு நாள் கால்பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி மைதானத்துக்கு எடுத்துப் போனேன். கை தவறி விழுந்து அவன் பக்கமாக உருண்டது. பை சரசரவென்று சத்தம் போட்டது. அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. காலை மட்டும் நீட்டினான். பந்து அவன் பாதத்துக்கு அடியில் நின்றது.

அன்றைக்கே பையை அவிழ்க்காமல் ஆட்டத்தை ஆரம்பித்தேன். மைதானத்தைப் பாதியாகக் குறைத்தேன். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். பந்து அவன் பக்கம் போகும்போது யாரும் கத்தக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பழகத்தான் மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகு கடிகாரங்களை ஒரு அட்டைப்பெட்டி பார்த்துக்கொண்டது.

பிறகுதான் தெரிந்தது, இதையே அடிப்படையாகக் கொண்டு ஒரு முழு விளையாட்டு இருக்கிறது என்று. கோல்பால் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது. பந்துக்குள் மணி இருக்கும். எடை ஒன்றேகால் கிலோ. பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண்கட்டு. கொஞ்சம் பார்வை உள்ளவரும் முழுதும் இல்லாதவரும் சமமாகிவிடுகிறார்கள். பார்ப்பவர்கள் பேசக் கூடாது. நான் இதை மொத்த வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன். என் பள்ளியின் வேகமான ஓட்டக்காரன் முதல் நாள் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, அதுவரை பாட்டில்களுக்குக் காவல் இருந்த பையன்.

நான் சொல்ல வருவது இதுதான்: பிள்ளையை ஆட்டத்துக்குத் தகுந்தபடி மாற்ற நினைக்காதீர்கள், ஆட்டத்தைப் பிள்ளைக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். மாற்றுவதற்கு நான்கு விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன: இடம், செய்ய வேண்டிய வேலை, கருவி, உடன் ஆடும் ஆட்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றை மாற்றினாலே போதும். சக்கர நாற்காலி டென்னிஸில் மாற்றிய முக்கியமான விதி ஒன்றே ஒன்று: பந்து இரண்டு முறை குத்தி எழலாம். களம், வலை, பந்து எல்லாம் அதேதான். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தில் ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆட வேண்டும். பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. கால் பலம் உள்ளவர்கள் இதை ஒரு பத்து நிமிடம் ஆடிப் பார்க்கட்டும், தோள் எப்படி வலிக்கிறது என்று அப்புறம் சொல்வார்கள். வலை இல்லையா? இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கயிறு கட்டுங்கள். பந்து வேகமாக வருவது சிலருக்குப் பயமாக இருந்தால் பலூனில் தொடங்குங்கள். பலூன் மெதுவாக இறங்கும், கை போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

"அப்படியானால் நன்றாக ஆடுபவர்களுக்குச் சலிப்பாக இருக்காதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் காட்டிய சாய்வுக் கயிறுதான் என் பதில். உயரம் தாண்டுவதற்கு ஒரு கயிற்றை இரண்டு பேர் ஒரே உயரத்தில் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உயர்த்த உயர்த்த, ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். அதிகப் பயிற்சி தேவைப்படுபவர்தான் முதலில் போய் உட்காருவார். அதே கயிற்றின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையை நெஞ்சு உயரத்திலும் பிடியுங்கள். இப்போது ஒவ்வொருவரும் தனக்கு முடிகிற இடத்தில் தாண்டலாம். கெட்டிக்காரனுக்கும் சவால் இருக்கிறது, தயங்குபவளுக்கும் இடம் இருக்கிறது. யாரும் வெளியேறத் தேவையில்லை. நான் இதைச் செய்தபோது கவனித்தது: தாழ்வான முனையில் ஆரம்பித்தவர்கள் அங்கேயே நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே, ஒரு அடி, அரை அடி என்று உயரமான பக்கம் நகர்ந்தார்கள்.

இந்தக் கயிறு என் மற்றப் பழக்கங்களையும் மாற்றியது. அவுட் ஆனவர் வெளியே போகும் ஆட்டங்களை விட்டேன். அவுட் ஆனால் பத்து முறை குதித்துவிட்டுத் திரும்ப வரலாம். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஒவ்வொருவராக ஆள் எடுக்கச் சொல்வதை நிறுத்தினேன். கடைசியாக மிஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எடை பார்ப்பதை எல்லோர் முன்னாலும் செய்வதில்லை, எண்ணை வாய்விட்டுச் சொல்வதுமில்லை. மதிப்பெண்ணுக்கு ஒருவர் போன மாதம் செய்ததையும் இந்த மாதம் செய்ததையும் ஒப்பிடுகிறேன்.

ஒதுங்கி நிற்பவர்கள் என்றால் மாற்றுத்திறனாளிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே அளவைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் கணக்குப்படி, உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. வகுப்பில் ஐந்தில் நான்கு பேர்! அதில் மாதவிடாய் வலியோடு வந்து சொல்லத் தயங்குபவள் இருக்கிறாள், எல்லோர் முன்னாலும் உடை மாற்றக் கூச்சப்படுபவன் இருக்கிறான், ஒருமுறை கேலி செய்யப்பட்டு அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை ஓடாதே என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்றி, மருத்துவர் சொன்னபடி மருந்து எடுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது, மைதானத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் குளுக்கோஸும் அப்படித்தான். காது கேளாத மாணவர் இருந்தால் விசிலோடு ஒரு கொடியையும் தூக்குங்கள். பேசும்போது சூரியன் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருக்கு உங்கள் உதடு தெரியாது. ஆட்டிசம் உள்ள சிலருக்கு விசில் சத்தமே தாங்காது. அன்றைக்கு எது முதலில், எது அடுத்து என்று முன்கூட்டியே எழுதிக் காட்டினால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு மாணவிக்காக ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டு, "இன்று இவளுக்காக இப்படி ஆடப்போகிறோம்" என்று வகுப்பில் சொன்னேன். அவள் அன்றைக்கு ஆடவே இல்லை. மறுநாள் தனியாகக் கேட்டேன். "சார், விதியை மாற்றினது பரவாயில்லை. என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றாள். அதிலிருந்து யாருக்கு எது வேண்டும் என்பதை முன்பே, தனியாக, அவரிடமே கேட்டுவிடுகிறேன். எது முடியும், எது வலிக்கும், எதை முயன்று பார்க்க ஆசை என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவான விதியாகத்தான் அறிவிப்பேன்.

மனநலம், தூக்கம், மூச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்குகிறேன். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. சிலருக்கு அது பயம், தரையைப் பார்த்தாலும் போதும்.

அப்புறம், விலக்குக் கடிதம். "இந்த மாணவருக்கு உடற்கல்வியிலிருந்து விலக்கு" என்று மருத்துவரிடமிருந்து ஒரு வரியில் வரும், நாமும் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவோம். நான் இப்போது அதற்குப் பதிலாகப் பெற்றோரிடம் ஒரு தாள் கொடுத்து அனுப்புகிறேன். நடப்பது, கை தூக்குவது, எறிவது, உட்கார்ந்து ஆடுவது, தண்ணீரில் இறங்குவது, ஓடுவது என்று வரிசையாக இருக்கும். எதையெல்லாம் செய்யலாம் என்று மருத்துவர் குறித்துத் தர வேண்டும். இதுவரை ஒரு தாள்கூட என்னிடம் முழுக்க வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை.