சாயம் கலந்தால் சவ்வு இணைந்ததாகுமா?

காட்பாடியில் உயிர்த்தொழில்நுட்ப முதுகலை பயிலும் வாசகி ஒருவர், செயற்கைச் செல் அமைப்பதன் முதற்படியாக, ஒருவகை லிப்பிட் (கொழுப்பு) குமிழ்களில் ஈ பெப்டைடையும் (சிறு புரதத் துண்டு) மற்றொருவகையில் கே பெப்டைடையும் பதித்து, அவற்றை 365 நானோமீட்டர் ஒளியில் அறுபடும் பெக் என்னும் பாலிமர் இழைகளால் மூடியிருக்கிறார். ஒளி பட்டதும் குமிழ்களின் சவ்வில் ஏற்றிய சாயங்கள் கலக்கின்றன. ஆனால் ஒரு குமிழில் அடைத்த நொதி மற்றதிலுள்ள வினைபொருளைச் சென்றடையவில்லை. விளக்கின் திறனைக் கூட்டலாமா, நொதியை மாற்றலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டும் வேண்டாம். நீங்கள் கண்டது பெரும்பாலும் அரை இணைவு. நான்கைந்து நானோமீட்டர் தடிப்புள்ள சவ்வு உண்மையில் இரண்டு தாள்களால் ஆனது; குமிழ்கள் நெருங்கும்போது வெளித்தாள்கள் முதலில் ஒன்றாகிச் சாயத்தைப் பகிர்ந்துகொள்ள, உட்தாள்கள் மட்டும் நடுச்சுவராக நின்றுவிடுவதுண்டு. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் தொட்டதும் ஒன்றாகிவிடுகின்றனவே என்று நினைக்கலாம். அந்தத் துளிகளுக்குள் காக்க வேண்டிய நீர் ஏதுமில்லை.

ஒளியின் வேலை பெக் திரையை விலக்குவது மட்டுமே. அதன்பின் குமிழ்களை இழுத்துச் சேர்ப்பது, நரம்புச் செல்களில் சவ்வுகளை இணைக்கும் ஸ்னேர் புரதங்களைப் பார்த்து எளிமையாக்கப்பட்ட அந்த ஈ, கே பெப்டைடுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் விசைதான். ஆகவே ஒளியைக் கூட்டினால் இணைவு அதிகரிக்காது. நிறைவுறா லிப்பிடுகள் ஆக்சிஜனேற்றமடைந்து சவ்வு கசியத் தொடங்கும்.

மாற்ற வேண்டியது கலவையை. உங்கள் பட்டியலில் டி.ஓ.பி.சி. என்னும் லிப்பிடும் கொலஸ்டிராலும் மட்டுமே உள்ளன. சிறிய தலையும் அகன்ற வாலும் கொண்ட டி.ஓ.பி.ஈ. என்னும் லிப்பிட், இணைவின்போது சவ்வு வளைய வேண்டிய திசையிலேயே வளையும் இயல்புடையது, டி.ஓ.பி.சி., டி.ஓ.பி.ஈ., கொலஸ்டிரால் மூன்றையும் 2:1:1 என்ற விகிதத்தில் எடுப்பது இத்துறையில் வழக்கம்.

அடுத்து, உள்ளடக்கம் கலந்ததா என்பதைத் தனியே சோதியுங்கள். செறிந்திருக்கையில் மங்கி, நீர்த்தால் ஒளிரும் கால்சீன் சாயத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்; இணைந்தாலும் ஒளிரும், கசிந்தாலும் ஒளிரும். அதற்குப் பதிலாக, 100 நானோமீட்டர் அளவுள்ள சிறு குமிழ்களில், ஒருவகையில் டெர்பியம் என்ற உலோகத்தின் சிட்ரேட்டையும் மற்றதில் டைபிகோலினிக் அமிலத்தையும் அடைத்து, வெளிக்கரைசலில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்து ஒளிர்வுமானியில் பாருங்கள். இரண்டும் உள்ளே சந்தித்தால் ஒளிரும். வெளியே கசிந்த டெர்பியத்தை ஈ.டி.டி.ஏ. பிடித்துக்கொள்ளும். ஒளி படாத மாதிரி, அறுபடாத பெக் கொண்ட மாதிரி, பெப்டைடே இல்லாமல் ஒளி மட்டும் பட்ட மாதிரி ஆகிய மூன்றும் இன்றி இந்த அளவீட்டுக்குப் பொருளில்லை.

வேலூரில் இருப்பதால் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சன்னல் வழி வரும் வெயிலிலும் 365 நானோமீட்டர் ஒளி உண்டு. குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றாவிட்டால், நீங்கள் விளக்கைப் போடுமுன்னே பெக் அறுபடத் தொடங்கியிருக்கும். பெரிய குமிழ்களை நுண்ணோக்கியில் பார்க்கும் நாட்களில் மாதிரி வைக்கும் சிறு கண்ணாடி அறையின் விளிம்பை அடைத்துவிடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் குளிர்சாதனம் நின்றால் நீர் ஆவியாகி வெளிக்கரைசலிலுள்ள சர்க்கரை செறிவடையும், குமிழ்களும் சுருங்கித் தொய்ந்துபோகும்.

நொதியைத் தொடுவது, டெர்பியம் ஒளிர்ந்த பிறகு போதும்.