பவர் கொடுத்துவிட்டு வெளிநாடு போகிறீர்களா? வீடு விற்பனை கேள்வி பதில்

பவர் என்றால், நமக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட்டு வேலையை முடிக்க நாம் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தமிழ்நாட்டில் இருக்கும் வீடு, மனை, அடுக்குமாடி வீடு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு மாநிலத்துச் சொத்து என்றால் கட்டணமும் நடைமுறையும் மாறும்.

கோவையிலிருந்து: அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா கிளம்புகிறோம். சரவணம்பட்டி வீட்டுக்கு இன்னும் விலை படியவில்லை. அப்பா பேரில் பவர் எழுதலாம் என்று இருக்கிறேன். இங்கேயே எழுதணுமா, அங்கே போய் அனுப்பினால் போதுமா சார்?

இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் வேலை இரட்டிப்பு. அசையாச் சொத்துக்கான பவரை இங்கே எழுதினால் பதிவு செய்தே ஆக வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இதுதான் சட்டம். வெளிநாட்டில் எழுதுவதற்கு மட்டும்தான் விலக்கு. அப்பாவையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு, வீடு எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போங்கள். பெற்ற மகனே அப்பாவுக்குக் கொடுப்பதால் கட்டணம் பெரிதாக வராது. நண்பருக்கோ தரகருக்கோ கொடுத்தால் கதை வேறு. 2023 ஜூலைக்குப் பிறகு, குடும்பத்தாரல்லாதவருக்கு விற்பனை பவர் கொடுத்தால் சந்தை மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 80,000 ரூபாய்.

துபாயிலிருந்து: நான் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டேன். லீவு கிடைக்காது. பவர் எப்படி அனுப்புவது அண்ணா?

வாசகத்தை ஊரில் உள்ள வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ தயார் செய்யச் சொல்லி வாங்கி, அங்கே அச்செடுங்கள். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். பாஸ்போர்ட்டோடு இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போய், அதிகாரி முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை (அந்த நாட்டு ஆவணத்தை மற்ற ஒப்பந்த நாடுகளும் ஏற்பதற்கான அரசு அத்தாட்சி) வாங்கியும் அனுப்பலாம். கனடாவும் 2024 ஜனவரியில் அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அப்போஸ்டில் பார்த்துப் பழகாத அலுவலகங்களும் உண்டு. எந்த அலுவலகத்தில் கிரயம் நடக்கப் போகிறதோ, அங்கே முதலில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

அசல் ஊருக்கு வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கு இந்திய முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும்; அங்கே அட்ஜுடிகேஷன் என்றே சொல்வார்கள். வந்து சேர்ந்த தேதிக்குச் சான்று கூரியர் உறைதான். பிரித்துப் பார்த்துவிட்டு உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

மதுரையிலிருந்து: "எல்லா அதிகாரமும் உண்டு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் போதாதா? எழுத்தர் பத்து பக்கம் நீட்டுகிறார்.

போதாது. பவரில் எழுதாத அதிகாரம் இல்லாத அதிகாரம். "விற்க" என்று மட்டும் எழுதி, "கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, பதிவுக்குத் தாக்கல் செய்து, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள" என்பதை விட்டுவிட்டால், சார்பதிவாளர் மேசையில் பத்திரம் நின்றுவிடும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், வங்கியில் கடனை அடைத்து அசல் பத்திரங்களைக் கையெழுத்திட்டு வாங்கவும் அதிகாரம் வேண்டும். மின் இணைப்பு, வீட்டு வரி, பட்டா மாற்றம் தொடர்பான மனுக்களையும் சேருங்கள்.

கொடுப்பதைப் போலவே தடுப்பதையும் எழுத வேண்டும். நம்மவர்கள் இதில் கூச்சப்படுகிறார்கள்: "தம்பியிடம் போய் எப்படி இதெல்லாம் எழுதுவது?" எழுதுங்கள். இந்த விலைக்குக் குறைந்து விற்கக் கூடாது, அடமானமோ தானமோ செய்யக் கூடாது, கிரயத் தொகை என் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், பவர் இத்தனை மாதத்துக்குத்தான். இந்த நான்கும் இருந்தால் தம்பிக்கும் நல்லதுதான்; நாளைக்கு அவரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

சொத்து விவரத்தில் சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாம் தாய்ப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அடுக்குமாடி வீடு என்றால் பிரிபடாத பாகத்தின் (நிலத்தில் உங்கள் பங்கு) சதுர அடியும் அவசியம்.

திருச்சியிலிருந்து: சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் எனக்குப் பவர் கொடுத்து 4 மாதம் ஆகிறது. கிரயத்துக்குப் போனால் ஏதோ சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆயுள் சான்று கேட்டிருப்பார்கள். பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி அது. வாங்கி 30 நாளுக்குள் இருக்க வேண்டும். அண்ணன் அங்கே தூதரகத்திலோ நோட்டரியிடமோ வாங்கி அசலை அனுப்பட்டும். பதிவுத் தேதி முடிவான பிறகு வாங்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும்.

சென்னையிலிருந்து: வீடு என் பேரிலும் மனைவி பேரிலும் இருக்கிறது. நான் மட்டும் பவர் கொடுத்தால் போதுமா?

உங்கள் பங்குக்கு மட்டும் போதும். அவர் பங்குக்கு அவர் கையெழுத்து வேண்டும். இருவரும் ஒரே பத்திரத்தில் கொடுக்கலாம்.

லண்டனிலிருந்து: மச்சான்தான் பவர் ஏஜென்ட். விற்கும் பணம் முதலில் அவர் கணக்குக்கு வரட்டும், பிறகு எனக்கு அனுப்பட்டும் என்று பேசியிருக்கிறோம். சரிதானே?

சரியில்லை. மச்சான் மேல் சந்தேகம் வேண்டாம். ஆனால் வருமான வரித் துறையும் வங்கியும் உங்கள் பணம் அவர் கணக்கில் ஏன் இருக்கிறது என்று கேட்கும். வெளிநாட்டில் குடியிருப்பவர் தன் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, உரிய வரிச் சான்றுகளோடு வெளியே கொண்டுபோகலாம்.

இன்னொன்று, கையெழுத்துப் போடுபவர் உள்ளூர்க்காரர் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் போதும் என்று தரகர் சொல்வார். தப்பு. சொத்துக்காரர் யார் என்பதுதான் கணக்கு. அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. தொகை பெரிதானால் சர்சார்ஜ் என்ற மேல்வரியும் உண்டு. வரி லாபத்துக்குத்தான், ஆனால் குறைந்த பிடித்தத்துக்கான சான்று கையில் இல்லாவிட்டால் வாங்குபவர் பெரும்பாலும் முழு விலையின் மீதே பிடித்துவிடுவார். அப்புறம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அட்வான்ஸ் வாங்கிய கையோடு ஆடிட்டரைப் பார்த்து அந்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

சேலத்திலிருந்து: வாங்குபவர் "முழுப் பணம் தருகிறேன், கிரயம் வேண்டாம், என் பேருக்கே பவர் கொடுங்கள்" என்கிறார்.

வேண்டாம். பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கும் வீடு சொந்தமாகாது, உங்கள் பேரும் பதிவேட்டிலிருந்து போகாது.

தஞ்சாவூரிலிருந்து: அமெரிக்காவில் இருந்த அத்தை எனக்குப் பவர் கொடுத்திருந்தார். போன மாதம் தவறிவிட்டார். அட்வான்ஸ் வாங்கியாயிற்று. மீதியை முடித்துவிடலாமா?

முடியாது. அவர் தவறிய நொடியே பவரும் போயிற்று. இனி நீங்கள் அந்தப் பவரை வைத்துக் கையெழுத்துப் போட்டால் குற்ற வழக்கு வரை போகும். அவருடைய வாரிசுகள்தான் விற்க வேண்டும். வாங்குபவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, வாரிசுகளோடு புது ஒப்பந்தம் போடுங்கள்.

மஸ்கட்டிலிருந்து: கொடுத்த பவரை ரத்து செய்ய வேண்டும். ஏஜென்ட் அசலைத் தர மறுக்கிறார்.

அசல் கைக்கு வராவிட்டாலும் ரத்து செய்யலாம். ரத்துப் பத்திரம் எழுதி, பவர் பதிவான அதே அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவருக்குத் தெரிய வரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை ரத்து செல்லும். வீட்டைப் பேசிக்கொண்டிருப்பவர்கள் யாரென்று தெரிந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி. அவர் கைப்பணம் போட்டு, அதற்கு ஈடாகத்தான் அந்தப் பவரைப் பெற்றிருக்கிறார் என்றால் மட்டும் உடனே ரத்துக்குப் போகாதீர்கள். அந்த வகைப் பவரை ஒருதலையாக எடுக்க முடியாது; பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.