சீஸ், ஒயின் சுவைபார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் சீஸ் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பங்சார் பக்கம் வார இறுதிகளில் நடக்கும் இலவசச் சுவைபார்ப்புக்குப் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

கே (செந்தூல்): மேசையில் வரிசையாகப் புட்டிகள் நிற்கின்றன. எதில் தொடங்குவது அண்ணே?

ப: நுரைக்கும் ஒயின், வெள்ளை, லேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் புளிக்கும். வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்புங்கள், அது அழகுக்கு வைத்ததல்ல. முக்கியமாக, பசியாறிவிட்டுப் போங்கள்.

கே (கெப்போங்): துப்பினால் மரியாதைக் குறைவு இல்லையா?

ப: இல்லை. 2020 முதல் ஓட்டுநருக்கு வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது, முன்பு 80. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். காரை வீட்டில் விடுங்கள்.

கே (பூச்சோங்): மகனுக்கு 19 வயது. கூட்டிப் போகலாமா?

ப: சீஸ் மேசை வரைக்கும். 2017 டிசம்பரிலிருந்து மது வாங்க 21 ஆக வேண்டும்.

கே (பிரிக்பீல்ட்ஸ்): சம்பல், மீன் கறிக்கு எந்த ஒயின்?

ப: மது கூடக் கூட மிளகாய் எரிச்சலும் கூடும். கனமான சிவப்பில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேறு இருக்கிறது. ஊறிக் கறுத்த தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்தால் நாக்கு வறளுமே, அதே சங்கதிதான். ஜெர்மனியின் மோசல் பக்கத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் 'கபினெட்' என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் லேசான இனிப்பு, மது 8, 9 சதவீதம் அளவில்தான்.

கே (ரவாங்): நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம். பார்மிஜானோ சீஸ் சாப்பிடலாமா?

ப: அக்கா, சாப்பிடலாமா என்பது உங்கள் முடிவு. உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். பாலை உறையவைக்க ரென்னட் என்ற நொதி வேண்டும். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வருகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரைப் போட வேண்டுமானால் கன்று ரென்னட்தான் சேர்க்க வேண்டும், அது விதி. போர்ச்சுகலின் செர்ரா டா எஷ்ட்ரெலா சீஸுக்கு ஒரு முட்செடியின் பூவைப் போடுகிறார்கள். இன்னும் பல சீஸ்களில் பூஞ்சையிலிருந்து எடுத்த ரென்னட். லேபிளில் 'சைவர்களுக்கு ஏற்றது' என்று இருக்கிறதா பாருங்கள். வெட்டித் தரும் துண்டில் லேபிள் இருக்காது, முழுக்கட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

கே (செந்தூல்): பால்தானே அண்ணே! இத்தனை வருஷம் பீட்சாவில் தூவித் தின்றோம், யாருக்கு என்ன ஆனது?

ப: ஒன்றும் ஆகவில்லை தம்பி. தெரிந்து தின்ன ஆசைப்பட்டு அக்கா கேட்டார், சொன்னேன்.

கே (கிள்ளான்): ஹலால் முத்திரை இருந்தால் போதும்தானே?

ப: போதாது. ஹலால் முறையில் அறுத்த கன்றின் ரென்னட்டுக்கும் முத்திரை கிடைக்கும். அது வேறு கேள்விக்கான பதில்.

கே (ரவாங்): நுண்ணுயிர் ரென்னட்டிலும் மாட்டு மரபணு இருக்கிறதாமே? அம்மா புரட்டாசியில் வாயில் வைக்கமாட்டார்.

ப: ஒரு வகை ரென்னட்டுக்கு மட்டும் அது ஓரளவு உண்மை. கன்றின் நொதிக்கான மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து நொதியை வடிக்கிறார்கள். அமெரிக்கா 1990இல் அனுமதித்தது. அதற்காகக் கன்று சாகவேண்டியதில்லை. மரபணுவே வேண்டாம் என்றால் பூஞ்சையிலிருந்து நேரே எடுத்த வகையோ பூ வகையோ தேடுங்கள். அம்மாவோடு வாதாட என்னைக் கூப்பிடாதீர்கள்.

கே (செந்தூல்): அப்படியென்றால் தோசைக்கு ஊற்றும் நெய்யும்...

ப: நெய்யில் ரென்னட் இல்லை. தம்பி, போதும்.

கே (சுங்கை பூலோ): ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டால்தான் தலைவலியா?

ப: பளிச்சென்ற நிறத்தில் விற்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிட அதிக சல்பைட். அதைத் தின்று தலை வலித்ததா? வெறும் வயிற்றில் போயிருப்பீர்கள்.

கே (அம்பாங்): நண்டு சம்பலுக்கு எந்த ஒயின்?

ப: மேலே பாருங்கள்.

கே (ரவாங்): ஒயினாவது சைவமா?

ப: சிலவற்றை முட்டை வெள்ளை, மீனின் காற்றுப்பை இவற்றால் தெளியவைப்பதுண்டு. செந்தூல் தம்பி, வாயைத் திறக்காதீர்கள்.