கார்பன் உமிழ்வில் நாடுகளை ஒப்பிட வேண்டியது மொத்தக் கணக்கிலா, தலைக்கணக்கிலா?

கேள்வி கேட்டவர் இரண்டு வாதங்களை எதிரெதிரே வைத்திருக்கிறார். "உலகில் அதிகம் கார்பன் உமிழும் நாடுகளில் இந்தியா மூன்றாவது. ஆகவே இந்தியா உடனே குறைக்க வேண்டும்" என்பது ஒன்று. "140 கோடிப் பேர் வாழும் நாட்டை அப்படி வரிசைப்படுத்துவதே அநியாயம்" என்பது மற்றொன்று. எது சரி, காலநிலைக் கொள்கைக்கு எது உதவும் என்று கேட்கிறார்.

யார் எவ்வளவு சுமை ஏற்க வேண்டும் என்று பேசும்போது தலைக்கணக்குதான், அதாவது நாட்டின் உமிழ்வை மக்கள்தொகையால் வகுத்து வரும் ஆள் ஒருவருக்கான அளவுதான் நியாயம். எங்கே வேலை நடக்க வேண்டும் என்று பேசும்போது மொத்தக் கணக்கு வேண்டும். முதல் கேள்விக்கு இரண்டாவதன் எண்ணைக் கொண்டுவருவது பணக்கார நாடுகளின் பழக்கம். இரண்டாவதற்கு முதலாவதன் எண்ணைக் காட்டுவது நம்முடைய பழக்கம்.

எண்களைப் பார்த்துவிடலாம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து 2023ல் உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 3,700 கோடி டன். இதில் சீனா 1,200 கோடி டன்னை ஒட்டி நிற்கிறது, அமெரிக்கா 500 கோடியை ஒட்டி, இந்தியா 300 கோடியை ஒட்டி. இதையே மக்கள்தொகையால் வகுத்தால் அமெரிக்கருக்கு 14 டன், சீனருக்கு 8 டன், இந்தியருக்கு 2 டன். உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது இடத்தில் இருக்கும் நாடு, தலைக்கணக்கில் உலகச் சராசரியின் பாதியைக்கூடத் தொடவில்லை.

இந்தச் சண்டை பழையது. 1990ல் வாஷிங்டனைச் சேர்ந்த வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம், வளிமண்டலத்தைச் சூடாக்கும் வாயுக்களை அதிகம் வெளியிடும் நாடுகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் அமெரிக்கா, சோவியத் யூனியனோடு பிரேசில், சீனா, இந்தியாவும் முதல் ஐந்து இடங்களில் இருந்தன. மறு ஆண்டே தில்லியிலிருந்து சுற்றுச்சூழல் ஆய்வாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் மறுப்பு எழுதினார்கள். கார்பனை உறிஞ்சிக்கொள்ளும் கடல், காட்டின் திறன் எல்லா மனிதருக்கும் பொதுவான சொத்து, அதைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் பங்கிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிழைப்புக்காக வெளியாகும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றார்கள். நெல் வயலிலிருந்து எழும் மீத்தேனும், ஒரே ஆள் ஓட்டிப் போகும் பெரிய காரின் புகையும் அறநெறிப்படி ஒன்றாகாது. 1992ல் ரியோவில் கையெழுத்தான காலநிலை உடன்படிக்கையில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற கோட்பாடு இடம்பெற்றது. அதற்குப் பின்னால் இந்த வாதத்தின் தடம் இருக்கிறது.

தலைக்கணக்கை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த காரணம் மிக எளியது: நாட்டின் எல்லைக்கோடு வளிமண்டலத்துக்குத் தெரியாது. சீனாவை நாளையே 30 நாடுகளாக உடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சராசரியாக 4.7 கோடிப் பேர் இருப்பார்கள். ஒவ்வொன்றும் உலக உமிழ்வில் சுமார் 1 சதவீதம் வெளியிடும். உடனே அந்த முப்பதும் வரிசையாக எழுந்து, "எங்கள் பங்கு வெறும் ஒரு சதவீதம்தானே, நாங்கள் குறைத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கலாம். வானத்தில் ஒரு டன்கூடக் குறைந்திருக்காது. உண்மையில் நடந்த உதாரணமும் உண்டு. 1991ல் சோவியத் யூனியன் 15 நாடுகளாகப் பிரிந்தது. அங்கே அதற்குப் பிறகு உமிழ்வு சரிந்தது உண்மைதான். ஆனால் சரிந்ததற்குக் காரணம் தொழிற்சாலைகள் மூடப்பட்டது. வரைபடத்தில் புதுக் கோடுகள் விழுந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

"வெறும் ஒரு சதவீதம்" என்ற வாதத்தைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஸ்காட் மாரிசன் 2019ல் தம் நாட்டின் பங்கு 1.3 சதவீதம்தான் என்று சொன்னார். ஆஸ்திரேலியரின் தலைக்கணக்கு அமெரிக்கருக்குச் சமமாக நிற்கிறது என்பதை அந்த எண் காட்டாது. அவர்கள் கப்பலேற்றி அனுப்பும் நிலக்கரி எரியும்போது வரும் புகை, எரிக்கும் நாட்டின் கணக்கில் விழுகிறது என்பதையும் காட்டாது. உலக உமிழ்வில் 2 சதவீதத்துக்கும் குறைவாகப் பங்களிக்கும் நாடுகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள்: சுமார் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அது சீனாவின் பங்கைவிடக் குறைவில்லை.

இந்த வாதத்தை நீதிமன்றமே ஒருமுறை நிராகரித்திருக்கிறது. நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற அமைப்பு அரசுமீது தொடர்ந்த வழக்கில், 2019 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990ஐ ஒப்பிட 2020க்குள் உமிழ்வை 25 சதவீதமாவது குறைத்தாக வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் பங்கு மிகச் சிறிது என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. சிங்கப்பூரும் தன் பங்கு 0.1 சதவீதம் என்றுதான் சொல்லும். இருந்தும் 2019ல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் டாலர் என்று கார்பன் வரியைத் தொடங்கி, 2024ல் 25 ஆக்கியது. தன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிரப்பும் எண்ணெய் அந்த 0.1க்குள் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்னாட்டுக் கப்பல், விமானப் பயணங்களுக்கான எரிபொருள் ஐ.நா. விதிப்படி எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. அவற்றைத் தலைக்கணக்கில் யார் தலையில் கட்டுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை.

இனி மறுபக்கம். தலைக்கணக்கு எல்லாவற்றையும் நேர்மையாகக் காட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் கத்தாரைப் பார்க்க வேண்டும். அங்கே தலைக்கு 40 டன்னை ஒட்டி வருகிறது. பட்டியலின் உச்சியில் இருக்கும் நாடுகளில் அது ஒன்று. காரணம், 30 லட்சம் பேர் அளவில் வாழும் சிறு நாடு உலகத்துக்கே எரிவாயுவைத் திரவமாக்கி அனுப்புகிறது. அந்த ஆலைகளின் புகை முழுவதும் உள்ளூர்க் கணக்கில் சேர்கிறது. அந்த 30 லட்சத்தில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். என் சித்தப்பா மகன் தோஹாவில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறான். ஓர் அறையில் பலர், கம்பெனி பஸ்ஸில் போக்குவரத்து, விடுமுறை என்றால் ஊருக்கு ஒரு விமானப் பயணம். திருச்சியில் விமானம் ஏறும்போது 2 டன் மனிதனாக இருந்தவன், தோஹாவில் இறங்கியதும் புள்ளிவிவரப்படி 40 டன் மனிதனாகிவிடுகிறான். சராசரி என்பது இப்படியும் வேலை செய்யும்.

இதே குறை நம் வீட்டிலும் உண்டு. இந்தியாவின் 2 டன் என்பது சத்தீஸ்கரின் விறகடுப்பு வீட்டையும், சென்னையில் மூன்று ஏசியும் இரண்டு காரும் உள்ள வீட்டையும் கூட்டி வகுத்து வந்தது. 2007ல் கிரீன்பீஸ் இந்தியா ஓர் அறிக்கையில் இதைக் கடுமையாகவே சொன்னது: இந்தியப் பணக்காரர்கள் ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று. அப்போது பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. 2009ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். நாட்டின் சராசரியை விட்டுவிட்டு, உலகம் முழுக்க அதிகம் உமிழும் நூறு கோடி மனிதர்களைக் கணக்கிடு. எந்த நாட்டில் அவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதற்கேற்ப அந்த நாட்டின் இலக்கை வை. அமெரிக்காவில் நிறையப் பேர் சிக்குவார்கள், சீனாவிலும் சிக்குவார்கள், மும்பையிலும் சிக்குவார்கள். அரசுகள் இதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் இதுவரை வந்தவற்றில் எனக்கு இதுதான் நேர்மையான யோசனையாகப் படுகிறது.

இதே கேள்விக்குப் பதிலாக, மக்கள்தொகைதான் பிரச்சினையின் வேர் என்று எழுதியிருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உலகில் அதிக வேகத்தில் மக்கள்தொகை பெருகும் நாடுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. உலக மக்களில் ஆப்பிரிக்காவின் பங்கு சுமார் 18 சதவீதம், உமிழ்வில் 4 சதவீதம்கூட இல்லை. பிறப்பு விகிதம் மிகக் குறைந்துபோன சீனாவிலோ தலைக்கணக்கு ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட, அவர்கள் எந்த எரிபொருளில் வாழ்கிறார்கள் என்பதுதான் கணக்கை மாற்றுகிறது.

தலைக்கணக்கில் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதைப் பேசாமல் போக முடியாது. தொகுதி மறுவரையறை என்று வந்தால் "தலைகளை மட்டும் எண்ணாதே, குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்தவனைத் தண்டிக்காதே" என்கிறோம். மக்களவை இடங்களின் எண்ணிக்கை இன்றும் 1971 கணக்கெடுப்பில் நிற்பது அந்த வாதத்தால்தான். காலநிலை மாநாட்டிலோ நம் நாட்டின் பிரதிநிதி தலைகளை எண்ணு என்கிறார். முரண்பாடுபோலத் தெரிந்தாலும் தீர்வு ஒன்றே. தலைக்கு இவ்வளவு கார்பன் என்று பங்கிட்டால் மக்கள்தொகையைப் பெருக்குவதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும் என்ற ஆட்சேபம் 1990களிலேயே வந்தது. ஏதோ ஓர் ஆண்டின் மக்கள்தொகையை எடுத்து அதோடு உறையவைத்துவிடலாம் என்று பதிலும் அப்போதே வந்தது. நமக்கு 1971 எப்படியோ, அப்படி.

காலத்தையும் கணக்கில் சேர்த்தால் படம் இன்னும் மாறும். வானில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு நேற்று முளைத்ததில்லை. தொழிற்புரட்சி தொடங்கியதிலிருந்து எரிபொருள் வழியாக வெளியானதில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி, இந்தியாவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி. (காடழிப்பையும் சேர்த்தால் பிரேசிலும் இந்தோனேசியாவும் மளமளவென்று மேலே வந்துவிடும். அதனால் இந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள் என்று பார்ப்பது நல்லது.) 2024ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக முடிவானபோது இந்தியா அரங்கிலேயே எதிர்த்தது. கேட்கப்பட்டது 1.3 லட்சம் கோடி டாலர். பணம் என்று வரும்போது தலைக்கணக்கையும் வரலாற்றுக் கணக்கையும் காட்ட இந்தியாவுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் புது அனல்மின் நிலையம் கட்டலாமா என்ற கேள்விக்கு அந்த எண்கள் விடையாகாது. அங்கே மொத்தக் கணக்குதான் பேசும். 2025ல் இந்தியாவின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாகிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டி இன்னும் நிலக்கரிதான். ஆண்டுக்கு 300 கோடி டன் வெளியிடும் நாடு, என் சராசரி 2 டன்தான் என்று சொல்லி அதை அப்படியே விட்டுவைத்தால், நஷ்டம் முதலில் நம் கடற்கரைக்கும் நம் பருவமழைக்கும்தான்.

வெளியிடும் கார்பனையும் உறிஞ்சப்படும் கார்பனையும் 2070க்குள் சமமாக்குவது என்ற இந்தியாவின் நிகர பூஜ்ய இலக்கு தாமதமா என்றும் கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். சீனா 2060, இந்தியா 2070 என்ற வரிசையிலேயே தலைக்கணக்கு மறைந்திருக்கிறது. நான் உற்றுப் பார்ப்பது வேறொன்றை. 2007ல் ஜெர்மனியில் நடந்த ஜி8 (எட்டுப் பெரிய தொழில் நாடுகளின்) கூட்டத்தின்போது அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: இந்தியரின் தலைக்கணக்கு வளர்ந்த நாடுகளின் தலைக்கணக்கை ஒருபோதும் தாண்டாது. அன்று அது சுலபமான வாக்குறுதி. பிரிட்டன் அப்போது தலைக்கு 9 டன்னில் இருந்தது. இப்போது ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது, பிரான்ஸ் நாலை ஒட்டி. நாம் இரண்டிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கா 1970களில் 22 டன் வரை போய்த்தான் இறங்கத் தொடங்கியது, பிரிட்டன் 11 டன்னைத் தாண்டி. இந்தியாவின் உச்சம் எந்த ஆண்டு, தலைக்கு எத்தனை டன்னில் என்று அரசு இதுவரை அறிவிக்கவில்லை. அந்த எண் வெளியானால், 2007 வாக்குறுதி நிற்குமா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.