சோதனை விண்ணப்பம் ஏன் திரும்பி வருகிறது? எஸ்.சி.பி. ரோல்பிளேயில் ஆய்வு நடத்தும் முறை

கேள்வி: எஸ்.சி.பி. ரோல்பிளே (விசித்திரமான பொருள்களை அடைத்துவைத்து ஆராயும் கற்பனை அமைப்பில் ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து விளையாடுவது) குழு ஒன்றில் பயிற்சி முடித்து ஜூனியர் ரிசர்ச்சர் ஆகியிருக்கிறேன். எங்கள் குழுவே உருவாக்கிய ஒரு பொருள் இருக்கிறது. அது ஒரு பழைய சுவர்க் கடிகாரம். அது இருக்கும் அறையில் யார் எதைப் பேசினாலும், சரியாக ஒரு மணி நேரம் கழித்து அதே குரலில் திருப்பிச் சொல்லும். வகை: யூக்ளிட். இதில் சோதனை நடத்த மூன்று முறை விண்ணப்பித்தேன், "இது ஆய்வு இல்லை" என்று மூன்றும் நிராகரிக்கப்பட்டன. கடைசியாக எழுதியது இது (டி-கிளாஸ் என்றால் சோதனைக்குப் பயன்படுத்தப்படும் கைதி): "டி-கிளாஸ் ஒருவரை அறைக்குள் அனுப்பிக் கடிகாரத்தை உடைக்கச் சொல்ல வேண்டும். கடிகாரம் அவருடைய குரலைப் பறித்துக்கொள்ளும். அந்தக் குரலில் பேசிக் காவலரை ஏமாற்றும். டி-கிளாஸ் இறந்துவிடுவார்." இதில் என்ன தவறு? எப்படி எழுத வேண்டும், எப்படி நடத்த வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய நான்கு வாக்கியங்களில் முதலாவது மட்டும்தான் விண்ணப்பம். மற்ற மூன்றும் முடிவுகள். கடிகாரம் என்ன செய்யும், காவலர் ஏமாறுவாரா, டி-கிளாஸ் பிழைப்பாரா என்று எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். காவலராக விளையாடுபவருக்கும் டி-கிளாஸாக விளையாடுபவருக்கும் செய்ய எதுவும் மிச்சமில்லை. ரோல்பிளேயில் இதைத்தான் பவர்கேமிங் என்பார்கள். அனுமதி தருபவர் "இது ஆய்வு இல்லை" என்று எழுதியதன் பொருளும் இதுதான். கேள்வியை ஆய்வாளர் கேட்கலாம். பதிலை அவர் எழுதக் கூடாது. மற்ற விதிகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

எஸ்.சி.பி. உலகம் 2007-இல் ஒருவர் பெயர் சொல்லாமல் எழுதிய 173 என்ற ஒற்றை ஆவணத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து அதன் உயிர் கதையில் இருந்ததைவிட விதிமுறையில்தான் அதிகம் இருந்தது. 914-ஆம் எண் பொருளின் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். அது பற்சக்கரங்களும் சுருள்வில்களும் நிறைந்த பெரிய இயந்திரம். ரஃப், கோர்ஸ், 1:1, ஃபைன், வெரி ஃபைன் என்று ஐந்து நிலைகள் உண்டு. ஒரு பக்கம் வைக்கும் பொருள் தேர்ந்தெடுத்த நிலைக்கு ஏற்ப மாறி மறுபக்கம் வரும். அதை இயக்க முறையான விண்ணப்பமும் தலைமையின் ஒப்புதலும் வேண்டும். சோதனை முடியும்வரை ஒரு காவலராவது ஆய்வாளருடன் இருக்க வேண்டும். செய்யப்போகும் எல்லாச் சோதனைகளின் பட்டியலும் முன்கூட்டியே காவலர் கையில் இருக்க வேண்டும். பட்டியலை மீறினால் சோதனை அங்கேயே நிறுத்தப்படும், ஆய்வாளர் வெளியேற்றப்படுவார். இந்தப் பட்டியல் விதியை உங்கள் குழுவில் யாரும் கேட்காவிட்டாலும் பின்பற்றுங்கள். காவலராக வருபவர் வெறுமனே கதவோரம் நிற்காமல், உங்கள் ஒவ்வொரு அசைவையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பாத்திரமாகிவிடுவார். காட்சிக்கு இறுக்கம் அங்கிருந்துதான் வரும்.

வகைப் பெயரிலும் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் பாதி நிராகரிப்புகளுக்கு வேர் அங்கே இருக்கிறது. சேஃப், யூக்ளிட், கெட்டர் ஆகிய மூன்றும் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்பவை அல்ல. அடைத்துவைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்பவை. பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது என்றால் சேஃப். என்ன நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் யூக்ளிட். பூட்டினாலும் சுலபமாக வெளியே வந்துவிடும் என்றால் கெட்டர். ஊரையே அழிக்கும் ஒரு பொத்தான், யாரும் அழுத்தாதவரை சும்மா கிடக்குமென்றால், அதுவும் சேஃப்தான். உங்கள் கடிகாரம் யூக்ளிட் என்றால், குழுவுக்கு அதைப் பற்றி இன்னும் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். தெரியாததைத் தெரிந்துகொள்ளும் சோதனைக்கு அனுமதி கிடைக்கும். உடைத்துப் பார்க்கும் சோதனைக்குக் கிடைக்காது. உடைந்துபோனால் அடுத்த வாரம் வேறொருவர் கேட்க நினைத்த கேள்வியும் சேர்ந்து போய்விடும்.

இப்போது அதே கடிகாரத்துக்கு ஒரு நல்ல கேள்வி எழுதிப் பார்ப்போம்: "கடிகாரம் நேரில் பேசும் பேச்சை மட்டும்தான் திருப்பிச் சொல்கிறதா, ஒலிப்பதிவிலிருந்து வரும் பேச்சையும் சொல்கிறதா?" ஆம் அல்லது இல்லை என்று முடியும் ஒரே கேள்வி. மாறுவது ஒன்றே ஒன்று, குரல் வரும் இடம். ஆள், வாக்கியம், தூரம், சத்தம் எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், விளைவுக்கு எது காரணம் என்று கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்: மொழியையும் மாற்றுவார்கள், ஆளையும் மாற்றுவார்கள், கூடவே இன்னொரு எஸ்.சி.பி.யையும் அறைக்குள் கொண்டுவருவார்கள். இரண்டு பொருள்களைச் சேர்த்துச் சோதிப்பதற்கு பெரும்பாலான குழுக்களில் தனி ஒப்புதல் வேண்டும். ஜூனியர் நிலையில் அதைக் கேட்கவே வேண்டாம்.

செய்முறை இப்படி இருக்கட்டும். டி-கிளாஸ் ஒருவர், கடிகாரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி நாற்காலியில். ஐந்து சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம்; அதை அவருடைய குரலிலேயே வேறு அறையில் முந்தைய நாள் பதிவு செய்திருக்க வேண்டும். கதை நேரம் 10:00-க்கு அவர் வாக்கியத்தை நேரில் சொல்கிறார். 10:10-க்கு ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறார், அதே வாக்கியம் ஒலிக்கிறது. 10:20-க்குக் கருவியை மறுபடி இயக்குகிறார், ஆனால் இம்முறை அதில் எதுவும் பதிவாகவில்லை. விளைவை 11:00, 11:10, 11:20-க்குக் கவனிக்க வேண்டும்.

முதலாவதும் மூன்றாவதும் எதற்கு என்று பலர் கேட்பார்கள். 11:10-க்குக் கடிகாரம் மௌனமாக இருந்துவிட்டால், அது ஒலிப்பதிவை ஏற்கவில்லை என்று பொருளா, அன்றைக்கு அது வேலையே செய்யவில்லை என்று பொருளா? 11:00-க்கு அது பேசியிருந்தால்தான் முதல் முடிவைச் சொல்ல முடியும். அதுபோல, வெற்றுப் பதிவுக்கும் அது ஏதாவது பேசினால், அது திருப்பிச் சொல்வது பேச்சைத்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். ஒப்பீடு இல்லாத சோதனையை எந்த நல்ல ஆய்வுத் தலைவரும் ஏற்க மாட்டார்.

அறைக்குள் யாரும் தேவையில்லாமல் பேசக் கூடாது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். உங்கள் பொருளின் இயல்புக்கே உரிய விதி இது. காவலர் "சீக்கிரம்" என்று ஒரு சொல் சொன்னாலும் அது ஒரு மணி நேரம் கழித்து உங்கள் விளைவோடு கலந்துவிடும். ஆகவே நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நில்லுங்கள், உள்ளே இருப்பவர்களுக்கு எழுத்துப் பலகையும் கைச்சைகையும் போதும். ஒவ்வொரு பொருளிலும் அதன் அடைப்பு விதிகளே சோதனையின் வடிவத்தை முடிவு செய்யும். பார்வை விலகினால் நகர்ந்து கொல்லும் சிலையான 173-இன் அறைக்குள் மூன்று பேருக்குக் குறைவாக நுழையக் கூடாது. கதவைப் பின்னால் பூட்ட வேண்டும், இரண்டு பேர் அதன்மீதிருந்து பார்வையை எடுக்கக் கூடாது, இமைக்கும் முன் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் குறிப்பு எழுதும் கை அந்த இருவருடையதாக இருக்க முடியாது. இதைக் கவனிக்காமல், பார்த்துக்கொண்டே எழுதுவதாக வரும் விண்ணப்பங்கள் முதல் பார்வையிலேயே விழும்.

அடுத்தது நிறுத்தும் நிபந்தனை. "ஆபத்து வந்தால் நிறுத்தப்படும்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். எது ஆபத்து என்று சொல்ல வேண்டும்: கடந்த ஒரு மணி நேரத்தில் அறையில் யாரும் பேசாத சொல் கேட்டால், அறையில் இல்லாதவருடைய குரல் கேட்டால், இடைவெளி 60 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ, டி-கிளாஸின் பேச்சில் மாற்றம் தெரிந்தால். இவற்றில் ஒன்று நடந்தாலும் எல்லாரும் பேசாமல் வெளியேற வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும், அடைப்புப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும்.

அதன்பின் நடப்பது உங்கள் காட்சி அல்ல. அடைப்பு உடைந்தால் ஆய்வாளரின் வேலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு அறைக்குப் போவது. துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு எதிர்த்து நிற்பது காவலர்களும் சிறப்புப் படையான மொபைல் டாஸ்க் ஃபோர்ஸும் காத்திருந்த வேலையைத் தட்டிப் பறிப்பது. பல சர்வர்களில் இது ஃபெயில்ஆர்பி (பாத்திரத்துக்குப் பொருந்தாமல் விளையாடுவது) என்று எச்சரிக்கை வாங்கித் தரும்.

இனி, பதிலை யார் சொல்வது? ஐந்து பேர் போதும்: நீங்கள், ஒரு டி-கிளாஸ், இரண்டு காவலர், காட்சியை நடத்தி விளைவைச் சொல்லும் ஒரு கேம் மாஸ்டர். கேம் மாஸ்டருக்குக் கேள்வியையும் செய்முறையையும் கொடுங்கள், உங்கள் எதிர்பார்ப்பைக் கொடுக்காதீர்கள். அவர் காட்சிக்கு முன்பே மூன்று விளைவுகளை எழுதி வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் 20 பக்கப் பகடையை உருட்டலாம். 1 முதல் 12 வரை விழுந்தால் பொருளின் அறிந்த இயல்புக்கு ஒத்த விளைவு. 13 முதல் 18 வரை அரைகுறையானது, உதாரணமாகச் சொற்கள் வந்தாலும் குரல் மங்கியிருப்பது. 19, 20 எதிர்பாராதது. அதாவது 60, 30, 10 சதவீதம். எதிர்பாராததற்கு இதைவிட அதிக இடம் கொடுத்தால் ஒவ்வொரு சோதனையும் கலவரத்தில் முடியும், சில வாரங்களில் யாரும் எதற்கும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு மணி நேர இடைவெளி உங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல். ஐந்து பேரை உண்மையிலேயே காத்திருக்க வைக்காதீர்கள்; மொத்தக் காட்சியும் அரை மணிக்குள் முடிவதே நல்லது. கதை நேரம் 10:25 ஆனதும், இரட்டை அடைப்புக்குறிக்குள் கதைக்கு வெளியே பேசி எல்லாருடைய சம்மதத்தோடு 10:58-க்குத் தாவுங்கள். யாராவது அந்த இடைவெளியில் தன் பாத்திரம் ஏதோ செய்ததாகச் சொல்ல விரும்பினால், தாவும் முன் சொல்லிவிட வேண்டும். "அப்போது நான் ரகசியமாக உள்ளே போயிருந்தேன்" என்று பிறகு வந்து சொல்வதை ஏற்காதீர்கள்.

டி-கிளாஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கதைக்குள் அவர் தூக்கி எறியத்தக்க கைதியாக இருக்கலாம். கதைக்கு வெளியே அவர் உங்களைப் போலவே மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்த ஆள். அவருடைய பாத்திரம் சாக வேண்டுமென்றால் அதற்குக் கேள்வியில் காரணம் இருக்க வேண்டும், அவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடிகாரம் பற்றிய கேள்விக்குச் சாவு தேவையே இல்லை. காயம், வலி போன்றவற்றை எந்த அளவு விவரிக்கலாம் என்று காட்சிக்கு முன் கேளுங்கள். நடுவில் அவர் போதும் என்றால், காரணம் கேட்காமல் அங்கேயே காட்சியை மறைத்து அடுத்த கட்டத்துக்குப் போங்கள். இந்தக் குழுக்களில் பள்ளி வயதினர் நிறைய. கூட விளையாடுபவரின் வயது தெரியாதபோது மென்மையான பக்கமே சரி. பாத்திரம் இறந்துவிட்டால் அவர் புதிய எண்ணோடு வருவார், பழைய எண்ணுக்கு நடந்தது எதுவும் புதியவருக்குத் தெரியாது.

மெட்டாகேமிங், அதாவது விளையாடுபவருக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்கும் தெரிந்ததாக நடத்துவது, ஆய்வாளர்களுக்கே வரும் நோய். எஸ்.சி.பி. விக்கியில் நீங்கள் படித்ததெல்லாம் உங்கள் பாத்திரத்துக்குத் தெரியாது. இரண்டாம் நிலை அனுமதி உள்ளவர் அந்த நிலைக்குரிய கோப்பை மட்டும் படித்தவர், அதுவும் தன் வேலைக்குத் தேவையானதை மட்டும். இதனால்தான் பிரபலமான பொருள்களில் நல்ல சோதனை அமைவது கடினம்: பதில் எல்லாருக்கும் முன்பே தெரியும், தெரியாதது போல நடிக்கத்தான் முடியும். குழு சொந்தமாக உருவாக்கிய பொருளில் உங்கள் கேள்வி உண்மையான கேள்வி. அந்த வகையில் நீங்கள் நல்ல இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள்.

பதிவேட்டின் வரிசை எளிது: தேதி, பொருள் எண், பங்கேற்றோர், கேள்வி, செய்முறை, விளைவு, ஆய்வாளர் குறிப்பு. விளைவில் கண்டதும் கேட்டதும் மட்டும் வர வேண்டும். ஊகம் எல்லாம் குறிப்புக்குப் போகட்டும். "டி-கிளாஸ் பயங்கரமாகப் பயந்துபோனார்" என்று எழுதாதீர்கள். "11:00-க்குக் குரல் கேட்டதும் எழுந்து நின்றார், இரண்டு முறை கதவைத் திரும்பிப் பார்த்தார்" என்று எழுதுங்கள். படிப்பவருக்கு இரண்டாவதில்தான் முதுகு சில்லிடும். கறுப்புப் பட்டையால் மறைப்பதை இடப்பெயர், ஆள்பெயரோடு நிறுத்துங்கள். விளைவையே மறைத்துவிட்டால் அடுத்த ஆய்வாளருக்கு உங்கள் பதிவால் பயன் இல்லை. எதிர்பார்த்தது நடக்காத சோதனையையும் முழுதாகப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் இன்னொருவர் அதையே மறுபடி செய்வார்.

விக்கியின் எழுத்தை எடுத்து ஆவணத்தில் சேர்த்தால், அது கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல்-அதேபோல் பகிர்தல் 3.0 உரிமத்தில் உள்ளது. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், உங்கள் ஆவணத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 173-இன் பழைய புகைப்படத்தை மட்டும் சேர்க்காதீர்கள். அதில் இருப்பது ஜப்பானியக் கலைஞர் இசுமி கட்டோவின் சிற்பம். அது அந்த உரிமத்துக்குள் வராது, 2022-இல் விக்கியே அதை நீக்கிவிட்டது.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள், அனுமதி தருபவர் முதலில் கேட்கக்கூடியது இதுதான். 11:00-க்குக் கடிகாரம் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறது. அதுவும் அந்த அறையில் ஒலித்த பேச்சுதானே? அப்படியானால் 12:00-க்குத் தன் குரலையே மறுபடி சொல்லுமா? சொல்லுமென்றால் நீங்கள் பேசிய ஐந்து சொற்கள் அந்த அறையில் நாள் முழுக்க மணிக்கொரு முறை ஒலிக்கும், அடுத்தடுத்த சோதனைகள் எல்லாவற்றிலும் கலக்கும். குழுவின் கோப்பில் இதற்குப் பதில் இருந்தால் அதை விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டுங்கள், காவலர்களை 12:25 வரை இருத்துங்கள். பதில் இல்லையென்றால் ஒலிப்பதிவுக் கருவியை ஒதுக்கி வையுங்கள். கடிகாரம் தன் குரலையே திருப்பிச் சொல்கிறதா என்பதுதான் முதலில் செய்ய வேண்டிய சோதனை, அதற்கு ஒரு டி-கிளாஸும் ஒரு வாக்கியமும் போதும்.