முழங்காலுக்குக் கேட்கிற மாத்திரை பாதத்துக்குக் கேட்காதது ஏன்?

கேள்வி: வயது 63. பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது. மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரைக்கு முழங்கால் அடங்குகிறது, பாதம் அடங்கவில்லை. இன்னொன்று சேர்த்துப் போடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டவே வேண்டாம் ஆச்சி. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகமும் கெடலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை.

உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனி வலிகள். முழங்காலில் தேய்மானமாக இருக்கலாம். நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் திண்ணை, முகப்பு, வளவு என்று எங்கே திரும்பினாலும் படிதானே! நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்குப் பாரம் குறையும். மேலே தடவும் ஜெல்லும் உதவும்.

பாத எரிச்சல் நரம்பு வலி மாதிரி தெரிகிறது. சர்க்கரையால் நரம்பு பழுதானால், வாசலில் ஆளில்லாமலே காலிங்பெல் அடிப்பதுபோல், காயமே இல்லாமல் வலி கிளம்பும். போர்வை பட்டாலும் சிலருக்குத் தாங்காது. வழக்கமான வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. ப்ரீகாபலின், டுலோக்ஸெடின் போன்ற நரம்பு வலி மருந்துகளை டாக்டர் குறைந்த அளவில் தொடங்குவார். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். முதல் சில நாள் தலை சுற்றலாம், தூக்கம் அசத்தலாம். ராத்திரி எழுந்தால் சுவரைப் பிடித்து நடங்கள். மெட்ஃபார்மினால் வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எரிகிற பாதத்தில் சூடு உறைக்காமலும் போகலாம். வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். மத்தியானம் முற்றத்தில் வற்றல் புரட்டப் போனாலும் செருப்பு போடுங்கள், வீட்டுக்குள்ளே போட ஒரு ஜோடி தனியாக வையுங்கள். தினமும் படுக்குமுன் விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கீழே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். (தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் சர்க்கரைக்காரர்களும் கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.)

டாக்டரிடம் ‘கால் வலி’ என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எப்போது, எரிச்சலா குத்தலா என்று பிரித்துச் சொல்லுங்கள். இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். பாதத்தில் புண் தெரிந்தாலோ, முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.