டிராக்டரில் இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்வது?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "ஏழு ஏக்கர் தோட்டம். ஒரு டிராக்டர், ஒரு பவர் டில்லர், வீட்டில் இரண்டு பைக். எல்லாவற்றுக்கும் நாங்களே ஆயில் மாற்றிக்கொள்கிறோம். வருடத்துக்கு 25 லிட்டர் வரை பழைய ஆயில் சேர்ந்துவிடுகிறது. படல் கட்டிய மரக்கால்களுக்கு அடியில் பூசுகிறோம். தென்னையில் கரையான் ஏறினால் தடவுகிறோம். மிச்சத்தை மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுகிறோம். கல்லூரியில் படிக்கும் மகள் இதெல்லாம் தப்பு என்கிறாள். அப்படியானால் வேறு என்னதான் செய்வது?"

மகள் சொல்வது சரி. முதலில் அந்தக் குழியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில் 250 மணி நேரம் ஓடியபின் தார் மாதிரி கருப்பாக இறங்குகிறது. அந்தக் கருப்பில் பெரும்பகுதி டீசல் எரிந்த கரி. அதோடு பேரிங்கும் ரிங்கும் தேய்ந்த உலோகத்தூள், தேய்மானத்தைக் குறைக்க ஆயிலில் முன்பே சேர்த்திருந்த துத்தநாகக் கலவை, எரியாமல் இறங்கிய டீசல், சூட்டில் உண்டான சில நச்சுக் கூட்டுப்பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். பழைய ஆயிலைத் தொடர்ந்து தோலில் தடவிய எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பல ஆயில் கேன்களில் கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருப்பது இதனால்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் தீர்ந்துபோவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. அழுக்கைப் பிரித்தால் உள்ளே நல்ல ஆயில் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் சேரும் 25 லிட்டரும் யாரோ ஒருவருக்கு மூலப்பொருள்.

இப்போது குழி. உங்கள் பக்கம் மேல்மண் அதிக ஆழம் கிடையாது, சீக்கிரமே பாறை வந்துவிடும். பாறையில் எங்கே வெடிப்பு இருக்கிறதோ அந்த வழியாகத்தான் கிணற்றுக்கு ஊற்று வருகிறது. குழியில் ஊற்றிய ஆயிலுக்கும் அதுவேதான் வழி. ஒரு தடவை மாற்றிய ஆயில், அதாவது நாலைந்து லிட்டர், பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஐம்பது பேருக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் தண்ணீர் அது.

கிணற்றில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலையில் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது மேலே வானவில் மாதிரி ஏடு மிதக்கிறதா பாருங்கள். இருந்தால் கொஞ்சம் தண்ணீரை அந்த ஏட்டோடு வாளியில் மொண்டு, ஒரு குச்சியால் கலைத்துவிடுங்கள். சில்லு சில்லாக உடைந்து தனித்தனியாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர் உண்டாக்கும் ஏடு. குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய்தான். அப்படியானால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம். திருப்பூரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டு ஆய்வுக்குக் கொடுங்கள்.

மரக்கால்களுக்குப் பூசுவதில் எனக்கு இன்னும் பெரிய கவலை உங்கள் மாடுகளைப் பற்றி. கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், மேயும் மாடு இந்த மரக்கால்களில் உரசும், நக்கும். பழைய ஆயிலை மாடுகள் விரும்பி நக்குவது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படி நக்கிய மாடுகள் ஈய நஞ்சால் இறந்ததும் உண்டு. 2000-ல் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபிறகு ஆயிலில் ஈயம் குறைந்திருக்கிறது. ஆனாலும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் மாட்டுக்கு நிமோனியா வரும், வயிற்றுக்குள் போனால் வயிறு உப்பும். அப்புறம், பூசியதால் கரையான் நிற்கிறதா என்றால், முதல் மழை வரைக்கும் நிற்கலாம். எண்ணெய் மேல் தோலில்தான் இருக்கும். கரையான் மண்ணுக்குள்ளிருந்து மரத்தின் நடுவழியாக ஏறும்.

உங்கள் ஊரில் இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கிளுவை மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நட்டால் அதுவே துளிர்த்து உயிர்வேலியாகிவிடும், கரையான் பேச்சே இல்லை. படல் நிறுத்தக் கல்கால் போதும். மரக்கால்தான் வேண்டுமென்றால் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை வாங்கிப் பூசுங்கள். கடலோரத்தில் படகு மரத்துக்குப் பூசுவது அதைத்தான். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், கையுறை போட்டுக்கொண்டு பூச வேண்டும், நன்றாகக் காயும்வரை மாடுகளை அண்ட விடக்கூடாது. தென்னைக்கு வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு. மண்புற்றைச் சுரண்டிவிட்டு அடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் வரை தடவச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொறி பிடித்த நாய்க்கு இந்த ஆயிலைப் பூசும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் என்ஜின் வேலைக்குப் போனபோது, மூக்கு நுனியைத் தவிர உடம்பெல்லாம் கருப்பாகப் பூசிய குட்டி ஒன்றைத் திண்ணையில் பார்த்தேன். நான் வேலை முடிக்கும்வரை அது வயிற்றையும் கால்களையும் நக்கிக்கொண்டே இருந்தது. மறுவாரம் போனபோது இல்லை. பிரியமாக வளர்த்தவர்கள்தான், நல்லது என்று நினைத்துத்தான் பூசினார்கள். சொறிக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள்.

டிராக்டரில் இறக்கியதைப் பம்புசெட் என்ஜினில் ஊற்றுவது, டீசலோடு கலந்து ஓட்டுவது, வெல்ல அடுப்பில் ஊற்றி எரிப்பது, எதுவுமே வேண்டாம். முதல் இரண்டும் என்ஜினைக் கெடுக்கும். மூன்றாவதில் ஆயிலில் இருக்கும் உலோகம் புகையாகி அடுப்பு தள்ளுகிறவரின் நெஞ்சுக்குள் போகும். கலப்பைக் கொழுவில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிறவர்களும் உண்டு. பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால் அதற்கு இது ஏற்றதல்ல. ஒரு கை புது கிரீஸ் போதும். துருவேறி இறுகிய நட்டு போல்ட்டை ஒரு டப்பா ஆயிலில் ஊறப்போட்டு எடுப்பதை மட்டும் நான் தடுக்கமாட்டேன். எடுத்தபின் அந்த ஆயிலும் கேனுக்கே திரும்ப வேண்டும்.

சரி, சேர்ப்பது எப்படி? மறுசுத்திகரிப்புக்குப் போகும் ஆயிலில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது, இதுதான் முக்கியம். ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து எதுவானாலும் கொஞ்சம் சேர்ந்தாலே முழு கேனையும் வாங்கமாட்டார்கள். என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள், இளஞ்சூட்டில் ஆயில் முழுதாக இறங்கும். என்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் சேம்பருக்கு அடியில் அகலமான பேசின் வையுங்கள். டிரெயின் நட்டின் கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றும்போது நட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகுங்கள். திடீரென்று விட்டால் ஆயில் முழங்கை வரை வழியும். சொட்டு நிற்க இருபது நிமிடம் விடுங்கள். வலை வைத்த புனலால், புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடி, "பழைய ஆயில்" என்று மேலே எழுதிவையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கும். கேன் கூரைக்கு அடியில் இருக்கட்டும், மழைத்தண்ணீர் இறங்கினாலும் கெட்டதுதான்.

ஃபில்டரைக் கழற்றியதும் தலைப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு, வாய் கீழே இருக்கும்படி ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தால் உள்ளே நிற்கும் ஆயிலும் இறங்கிவிடும். தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உமியோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள். கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அரப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

பிறகு யாரிடம் கொடுப்பது? பழைய ஆயிலை உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் மறுசுழற்சி செய்யலாம் என்று 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும் பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு வந்திருக்கிறது. அதனால் முதலில் உங்கள் டிராக்டர் ஷோரூமின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அவர்களிடம் சேரும் ஆயிலை எடுக்க ஆள் வருவார். மொபெட்டில் கேனோடு வந்து காசு கொடுத்து வாங்கிப்போகிறவர்களிடம் எங்கே போகிறது என்று கேளுங்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் சூளையில் எரிக்கவும் போகிறதென்றால் உங்கள் குழியில் ஊற்றுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உரிமம் உள்ளவர்கள் யார் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்கலாம்.

ஐந்து லிட்டருக்காக யாரும் தோட்டம் வரை வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உங்களைப் போல் எட்டுப் பேர் சேர்ந்தால் வருடத்துக்கு 200 லிட்டர், ஒரு முழு பேரல். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். குடோன் மூலையில் சிமென்ட் தரையில், கூரைக்கு அடியில் ஒரு பேரல் வைத்தால் வண்டி தேடி வரும், காசும் கிடைக்கும்.

கடைசியாக அந்தப் பழைய குழி. கருப்பு மண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு அடிக்குள் என்றால் முழுவதையும் அள்ளி, கிணற்றுக்கு எட்டத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, பங்குக்குப் பங்கு மக்கிய சாணம் கலந்து, ஈரம் காயாமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். மழை படாமல் மேலேயும் ஒரு பாய் வேண்டும். நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்ன மாதக்கணக்கில் ஆகும், உலோகம் அப்படியேதான் இருக்கும். அதனால் அந்த மண் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ போகக்கூடாது. அதைவிட ஆழம் போயிருந்தால் நீங்களே கை வைக்காமல் வாரியப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள், மழை இறங்கினால் மிச்சமும் பாறை வெடிப்புக்குள் போய்விடும்.